சாட்சிக் கூண்டில் எனக்குத் தெரியாத சொல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நீங்கள் இருவரும் என்னிடம் கேட்டீர்கள்: "அக்கா, அர்த்தம் தெரியாத வார்த்தை வந்தா என்ன செய்யணும்?" நான் "போன்ல பாருங்கட்டி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். சரியான பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், தென்காசி நீதிமன்றத்தில் நான் கூனிக் குறுகி நின்ற ஒரு முற்பகலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் டீ.

இந்த மாதக் கடைசியில் நான் மதுரைக்குப் போகிறேன். முப்பது வயதில் 'என் அனுபவத்தில்' என்று தொடங்குவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் உட்காரப்போவது என் நாற்காலியில். அதில் உட்கார்ந்தவள் எங்கே இடறினாள் என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். பத்திரங்களை எப்படித் தட்டச்சு செய்வது, எங்கே முத்திரை வைப்பது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்தக் கதை நடந்திருக்காது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். அவருக்குக் கையெழுத்து கிடையாது, கைரேகைதான். அவருடைய மகள் எம்.ஏ. ஆங்கிலம். அதோடு நிறுத்திக்கொண்டேனா என்றால் இல்லை. கல்லூரியில் மற்றவர்கள் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டபோது, நான் யாரும் பேசாத ஆங்கிலத்தைச் சேர்க்க ஆரம்பித்தேன். குளிர்காலத்து வெயிலின் இதத்துக்கு ஏப்ரிசிட்டி. நாளை மறுநாளுக்கு ஓவர்மாரோ. ஓர் ஆளைச் சன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவதற்கு டிஃபெனஸ்ட்ரேஷன். தென்காசியில் யாரும் யாரையும் அப்படி எறிந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தச் சொல் என்னிடம் இருந்தது. வசதியான வீட்டுப் பெண்கள் நகை போட்டுக்கொண்டு வருவார்கள். நான் சொல் போட்டுக்கொண்டு போவேன்.

இந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் அது பயன்படவும் செய்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரம் ஒன்றில் ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் 'ரெலிக்ட்' என்று இருந்தது. இங்கே எல்லோருக்கும் மூத்தவராக இருந்தவர் அதை ஏதோ பட்டப்பெயர் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார். நான் எட்டிப் பார்த்து, "அது கைம்பெண்ணுக்குப் பழைய வார்த்தை, அண்ணாச்சி" என்றேன். அன்று எனக்கு எல்லோரும் சேர்ந்து பாகில் ஊறின பால்பன் வாங்கிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எனக்கு 'அகராதி' என்று பேர். அந்தப் பால்பன் தலைக்கு ஏறிவிட்டது.

அதே அண்ணாச்சியிடம்தான் நம் தொழிலின் தந்திரத்தையும் கற்றுக்கொண்டேன். தெரியாத ஆங்கிலச் சொல் வந்தால் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது. "தமிழ் எழுத்துல போட்டுட்டா அது தமிழ்தாம்மா. எவன் கேக்கப் போறான்?" என்பார். உண்மையிலேயே யாரும் கேட்டதில்லை. வக்கீல்களுக்கு அது சட்டச் சொல் போலத் தெரியும். கட்சிக்காரர்களுக்கு மரியாதையாகத் தெரியும். சொல் எவ்வளவு புரியவில்லையோ அவ்வளவு கனமான பத்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி வழக்குக்கு வருகிறேன். மேலகரத்தில் பிச்சம்மாள் என்று ஒரு பெண். புருஷன் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, அதில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டுக் குற்றாலத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். சீசன் மூன்று மாதம்தான் அவருக்கு வருடம். அந்த வீட்டை அவருடைய புருஷனின் தாத்தாவுக்குத் தானமாகக் கொடுத்தவர் பக்கத்துப் பங்களாவில் இருந்த ஒரு டாக்டர். தாத்தா அங்கே சமையல்காரர். டாக்டர் பட்டணத்து வக்கீலை வைத்து, பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது டாக்டரின் வாரிசுகள் பங்களாவை இடித்து லாட்ஜ் கட்டுகிறார்கள். வண்டி நிறுத்த இடம் வேண்டும். "எங்க தாத்தா வீட்டைத்தான் கொடுத்தாரு, பின்னாடி இருக்கிற கிணறும் கொட்டகையும் முற்றமும் எங்க தோட்டம்" என்கிறார்கள். பத்திரத்தில் நான்கெல்லை இருக்கத்தான் செய்தது. மேற்கெல்லை 'பங்களாத் தோட்டம்' என்று மட்டும் இருந்தது. தோட்டம் வீட்டுச் சுவரிலேயே தொடங்குகிறதா, கிணற்றுக்கு அப்பால் தொடங்குகிறதா என்பதுதான் வழக்கு. கிணறும் கொட்டகையும் போனால் பிச்சம்மாளுக்கு மிஞ்சுவது இரண்டு அறையும் ஒரு பூட்டும்.

பிச்சம்மாளின் வக்கீலுக்காக அந்தப் பத்திரத்தை மொழிபெயர்த்தவள் நான். கொடுக்கப்பட்டது என்ன என்று சொல்லும் இடத்தில் டாக்டரின் வக்கீல் 'ஹவுஸ்' என்று எழுதவில்லை. 'மெஸ்வேஜ்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்திருக்கிறேன், ஏதோ வீட்டைப் பற்றியது என்று மட்டும் நினைவு இருந்தது. போனில் தேடியிருக்கலாம். அகராதி என்று பேர் வாங்கியவள் அகராதியைத் தேடுவதா என்று ஒரு திமிர். 'மெஸ்வேஜ்' என்று அழகாகத் தமிழில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

எதிர்த் தரப்பு அந்த மொழிபெயர்ப்பை ஒத்துக்கொள்ளவில்லை. மொழிபெயர்த்தவரையே சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று எனக்கு அழைப்பு வந்தது. நான் பயப்படவில்லை. புளியங்குடிக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். "கோர்ட்டுல என்னைய விசாரிக்கப் போறாவ. இங்கிலீஷுக்கு அர்த்தம் சொல்லணும். வேணும்னா வந்து பாருங்க."

அப்பா வேலைக்குப் போகாமல் வந்தார். அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய வேட்டி, அதற்கு மேல் ஒரு துண்டு. எவ்வளவு குளித்தாலும் போகாத எலுமிச்சை வாசம். நீதிமன்ற அறையின் கடைசி பெஞ்சில் இருவரும் உட்கார இடம் இருந்தும் சுவரோரம் நின்றார்கள். நான் கூண்டில் ஏறியபோது அத்தை கையை உயர்த்தி ஆட்டினாள். டவாலி "ஏ, கையை இறக்கு" என்று அதட்டினார்.

எதிர்த் தரப்பு வக்கீல் வயதானவர். கோபப்படவே மாட்டார். கல்யாணத்தில் பந்தி விசாரிப்பது போலப் பேசினார்.

"பாப்பா எம்.ஏ. இங்கிலீஷ்தானே?"

"ஆமா ஐயா."

"சந்தோசம். உங்க மொழிபெயர்ப்புல ஏழாவது வரியைக் கொஞ்சம் வாசிங்க, கேப்போம்."

வாசித்தேன். 'மேலகரம் கிராமத்தில் எனக்குப் பாத்தியமான மெஸ்வேஜை உமக்குத் தானமாகக் கொடுத்து...'

"அங்கனயே நில்லுங்க. மெஸ்வேஜ். இது தமிழா?"

"இல்ல ஐயா."

"இங்கிலீஷ் எழுத்துல இருந்தது, தமிழ் எழுத்துக்கு வந்திருக்கு. இதுக்கு எம்.ஏ. எதுக்கும்மா? கடைக்குப் போர்டு எழுதுத பெயின்டர் போதுமே."

அறை சிரித்தது. நீதிபதி சிரிக்காமல் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

"சரி, எழுதலைன்னா போவுது. வாயால அர்த்தத்தைச் சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த அத்தனை பழைய சொற்களும் அப்போது வரிசையாக வந்து நின்றன. குளிர்காலத்து வெயில் வந்தது, நாளை மறுநாள் வந்தது. கேட்டது மட்டும் வரவில்லை. வக்கீல் என் முகத்தைப் பார்த்தார். பாவம் என்று நினைத்தாரோ, பழம் கனிந்துவிட்டது என்று நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தினார்.

"இதுல என்ன இருக்கு பாப்பா? வீடுதானே? வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானும் உட்காந்துருவேன், நீங்களும் இறங்கிப் போவலாம்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குள் வீடு இருக்கிறது என்பது எனக்கே தெரியும். வீட்டோடு அது நின்றுவிடுகிறதா என்பதுதான் தெரியாது. 'ஆமாம், வீடு' என்று சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அப்பாவும் அத்தையும் பார்க்க, படித்த பெண்ணாகப் படியிறங்கி வந்திருக்கலாம். அப்பா அவ்வளவு நேரம் சுவரோரம் நின்றது அந்த ஒரு பதிலைக் கேட்கத்தான். பிச்சம்மாள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய்க் கொப்புளம் பட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது ஐயா" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க, டைப் அடிக்கணும்லா."

"தெரியாது."

"வீடு இல்லைங்கியளா?"

"வீடு மட்டுமான்னு எனக்குத் தெரியாது ஐயா."

"கையெழுத்துப் போடும்போது தெரிஞ்சுதா?"

"அப்பவும் தெரியாது."

நீதிபதி அப்போதுதான் நிமிர்ந்தார். அடுத்த வாய்தாவுக்கு ஆதாரத்தோடு பொருள் சொல்ல வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டார். "இனி புரியாததில் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

வராந்தாவில் பிச்சம்மாள் தன் வக்கீலைப் பிடித்துக்கொண்டார். நான் நிற்பது தெரிந்தும் சத்தத்தைக் குறைக்கவில்லை. "ஏன் ஐயா, தெரியாத புள்ளையாப் பாத்துத்தான் கூட்டிட்டு வரணுமா? நேந்திரங்கா வாங்கவே நான் நாலு கடை ஏறி இறங்குதேன்." நான் யாருக்காக 'வீடு' என்று சொல்லாமல் நின்றேனோ அவருக்குத்தான் என்மேல் கோபம் அதிகம். இதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். 'தெரியாது' என்று சொல்கிறவளுக்கு யாரும் பால்பன் வாங்கித் தருவதில்லை.

அத்தை என் பக்கம் வந்து, நிஜமான கவலையோடு கேட்டாள்: "ஏட்டி, அம்புட்டுப் புஸ்தகம் படிச்சியே. அந்த ஆளு கேட்டது ஒண்ணுகூடவா அதுல இல்லாமப் போச்சு?"

அப்பா எங்களோடு பஸ் நிலையம் வரை நடந்தார். பஸ் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார். "சந்தையில எல்லார்ட்டயும் சொல்லிட்டுல்லா வந்தேன். நாளைக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாவ." துண்டால் இருக்கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பஸ் கிளம்பிவிட்டது.

அர்த்தம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வக்கீல் சங்க நூலகத்தில் தடித்த சட்ட அகராதி இருந்தது. குடியிருக்கும் வீடும், அதன் புறக்கட்டிடங்களும், முற்றமும், அந்த வீட்டின் புழக்கத்துக்கென்று அதோடு ஒட்டிய நிலமும் சேர்ந்தது மெஸ்வேஜ். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் கொடுக்காமல் விட்டிருந்தேன். அகராதியை மூடவே முடியவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

கஷ்டம் அதற்கான தமிழில் இருந்தது. அண்ணாச்சியிடம் கேட்டேன். "'வீடும் அதைச் சேர்ந்த சகல பாத்தியங்களும்'னு போட்டுரு" என்றார்.

"அதுல கிணறு இருக்கா அண்ணாச்சி?"

"இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்ல. அதாம்மா அந்த வாக்கியத்தோட அழகு."

எனக்கு அந்த அழகு வேண்டியிருக்கவில்லை. அகராதி சொன்னதை முழுதாக ஒரு பத்தியாக எழுதலாம். ஆனால் அது விளக்கம். டாக்டரின் வக்கீல் எழுதியது ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லைத்தானே வைக்க வேண்டும்?

அந்த வாரம் குற்றாலம் போகும் பஸ்ஸில் ஏறி மேலகரத்தில் இறங்கினேன். இடத்தைக் கண்ணால் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். பிச்சம்மாள் கொட்டகையில் காய் சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன, இப்பவாவது தெரிஞ்சுதா?"

"அர்த்தம் தெரிஞ்சுட்டு. தமிழ்தான் கிடைக்கல."

"நல்லா இருக்கு. தமிழ்நாட்டுல தமிழ் கிடைக்கலியாம்."

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். எழுந்திருக்கவில்லை. "அந்தா கிடக்கு கெணறு. எறைச்சுக் குடி" என்றார்.

வாளியை இறக்கி, கயிற்றை இழுத்தபடி சுற்றிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். உள்ளே நுழைந்தால் வீடு, துவைகல், கிணறு, கொட்டகை, ஒரு முருங்கை. எல்லாவற்றையும் சுற்றி ஒரு பழைய சுவர். வாளி மேலே வருவதற்குள் சொல் வந்துவிட்டது. வந்ததும் எனக்கு உடம்பு கூசியது.

வளவு.

நான் பிறந்த இடம் அதுதான். புளியங்குடியில் ஒரே வாசலுக்குள் ஐந்தாறு வீடுகள், பொதுவாக ஒரு கிணறு, துவைகல்லுக்குத் தினமும் சண்டை. கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரம், "எங்க வளவுல" என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். பக்கத்துக் கட்டில்காரி "வளவா? அப்படின்னா என்ன, மாட்டுத் தொழுவமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து 'காம்பவுண்ட்' என்றேன். கொஞ்ச நாளில் 'ரெசிடென்ஸ்' ஆனது. அம்மா போனில் "வளவுல எல்லாரும் கேட்டாவ" என்று சொன்னால், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வேன். யாரும் பேசாத ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து வைத்த வாயால், என் வீட்டில் எல்லோரும் பேசிய ஒரு சொல்லைத் துப்பிவிட்டு வந்திருந்தேன். அறிவுக்குப் பஞ்சம் வந்து அந்தச் சொல் கிடைக்காமல் போகவில்லை. அது இருந்த பக்கம் நான் திரும்பிப் பார்க்காததால்தான் கிடைக்கவில்லை.

அடுத்த வாய்தாவில் அகராதியைக் காட்டினேன். பக்கத்தைப் படித்துக் காட்டினேன். "இதற்கு நேரான தமிழ் வளவு" என்றேன்.

வக்கீல் முகம் மலர்ந்தது. "வளவுன்னா பல குடித்தனம் இருக்கிற இடம்லா? இங்கன இருக்கிறது ஒரு வீடுதானே?"

"ஒரு வீடும் இருக்கலாம், பத்து வீடும் இருக்கலாம் ஐயா. வெறும் வீடு வளவு ஆகாது. கிணறும் முற்றமும் சுவருக்குள்ள சேர்ந்து கிடந்தாத்தான் வளவு."

"இங்கிலீஷுக்குப் புஸ்தகம் காட்டினிய. இதுக்கு என்ன ஆதாரம்?"

தமிழ் அகராதியிலும் அந்தச் சொல் இருக்கிறது. அதையும் நகல் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அதை எடுப்பதற்கு முன்னால் வாய் பேசிவிட்டது.

"நான் வளவுல பிறந்தவ ஐயா."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டது. பக்கத்துக் கட்டில்காரி அந்த அறையில் எங்கோ இருப்பது போலவே இருந்தது. நீதிபதி அந்தச் சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு பிச்சம்மாளுக்குச் சாதகமாக வந்தது. வரி ரசீதுகளும், இத்தனை காலம் அவர்கள் கிணற்றைப் புழங்கிய சாட்சியமும் சேர்ந்துதான் வந்தது. என் ஒரு சொல்லால் என்று நான் சொல்ல மாட்டேன். தீர்ப்பில் அந்தச் சொல் இருந்தது, அவ்வளவுதான். பிச்சம்மாள் இப்போதும் அதே கொட்டகையில் காய் சீவுகிறார். வழியில் பார்த்தால், "என்ன, தமிழ் கிடைச்சுதா?" என்று கேட்கிறார். எனக்குச் சிப்ஸ் இலவசம் கிடையாது.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். தெரியாத சொல் வந்தால் முதலில் தேடுங்கள். தேடியும் பிடிபடாவிட்டால், பிடிபடவில்லை என்று அந்த இடத்திலேயே தமிழில் எழுதுங்கள். உங்களைக் காப்பாற்ற யாராவது பாதி அர்த்தத்தை நீட்டினால், மீதிப் பாதியில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த இரண்டாவது வாய்தாவுக்கு நான் அப்பாவைக் கூப்பிடவில்லை. மறுபடியும் தெரியாது என்று சொல்ல நேர்ந்தால் என்ன செய்வது என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எழுதவே கூசுகிறது, அந்த வேட்டியும் அத்தை ஆட்டிய கையும் மறுபடி அந்த அறைக்குள் வர வேண்டாம் என்று இருந்தது. எங்கள் வளவின் பெயரை நான் வாய் திறந்து சொன்ன ஒரே நாளில், அந்த வளவிலிருந்து ஒருவரும் அங்கே இல்லை. பிறகு போனில் சொன்னேன். அப்பா "சரி, சரி" என்றார். சந்தையில் அதற்குள் எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள்.

அதன்பிறகு அப்பா தென்காசிக்கு வந்தால் பஸ் நிலையத்திலேயே நின்று போன் செய்கிறார். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த அலுவலகத்துப் படியை அவர் ஏறியதில்லை.

நான் விடைபெறும் நாளைக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறேன். போனை வைக்கும் முன் கேட்டார்: "அங்கன யாரும் ஒன்ட்ட கேள்வி கேப்பாவளா?"

அவர் வந்தால், அவர் எதிரில் என்னிடம் ஏதாவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த சொல்லாகப் பார்த்துக் கேட்க வேண்டாம்.